தொண்டிக் கடலுக்கு மேலே பாதியில் அணைந்த வெளிச்சம்

தொண்டி வாசகர் ஒருவர் கேட்கிறார்: சாயங்காலம் ஏழு மணி வாக்கில் நட்சத்திரம் போல ஒன்று வடமேற்கிலிருந்து ஓடிவந்து, கடலுக்கு மேலே போனதும் அணைந்துவிட்டது. மறுநாள் அதே நேரத்தில் காத்திருந்தும் வரவில்லை. 1957இல் தாத்தா பார்த்த ஸ்புட்னிக்தானா அது? ஐயாயிரம் ரூபாய்த் தொலைநோக்கி வாங்கினால் தெரியுமா?

ஸ்புட்னிக் இல்லைங்க. உலகின் முதல் செயற்கைக்கோளான அது 1958 ஜனவரி 4ஆம் தேதியே எரிந்துபோனது. தாத்தா பொய் சொல்லவில்லை, ஆனால் 58 செ.மீ. உருண்டை அவ்வளவு தூரத்தில் வெறும் கண்ணுக்குச் சிக்குவது கஷ்டம். அன்று பலரும் பார்த்தது கூடவே சுற்றிய ராக்கெட்டின் உடலைத்தான்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பன்னாட்டு விண்வெளி நிலையம். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, வெயில் பட்டுத்தான் மின்னுகிறது. நமக்குப் பொழுது சாய்ந்த பிறகும் 400 கி.மீ. உயரத்தில் வெயில் இருக்கும். சாயங்காலம் பூமியின் நிழல் கிழக்கிலிருந்து ஏறும், உங்கள் ஊரில் கிழக்கு என்றால் கடல், அதனால் கடலுக்கு மேலே போனதும் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. ஒரு சுற்றுக்குச் சுமார் 93 நிமிடம். அதற்குள் பூமி 23 டிகிரி திரும்பிவிடுவதால் அடுத்த சுற்று அரபிக்கடலின் அந்தக் கோடியில். ஒரு நாளைக்குப் பதினைந்தரைச் சுற்று என்று வையுங்கள், மறுநாள் நீங்கள் கரையில் நிற்கும்போது அது பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

தொலைநோக்கி வாங்கவே வாங்காதீர்கள். பெட்டியில் '525 மடங்கு' என்று போட்டிருப்பார்கள். 60 மி.மீ. லென்ஸில் 120 மடங்கைத் தாண்டினாலே வெறும் மங்கல்தான். ஓடுகிற பொருளை அதில் பிடிக்கவும் முடியாது. தனுஷ்கோடியில் 'ஸ்புட்னிக் காட்டுகிறேன்' என்று தலைக்கு முந்நூறு ரூபாய் வாங்கியவரை நானே பார்த்தேன், பிள்ளைகளுக்கு அவர் காட்டியது வெள்ளிக் கிரகம்! ஸ்புட்னிக் ஏவிய தேதியை மனப்பாடம் செய்யவைக்கிற பாடத்திட்டம் ஒரு நாளாவது பிள்ளைகளை இருட்டில் நிறுத்தி வானத்தைக் காட்டியிருந்தால் இவரிடம் யார் ஏமாறுவார்கள்?

1957, 58இல் ஏவிய செயற்கைக்கோள்களில் ஒன்று மட்டும் இன்னும் மேலே இருக்கிறது: அமெரிக்காவின் வேன்கார்ட் 1. 1958 மார்ச் 17இல் போனது, 16.5 செ.மீ. உருண்டை, ஒன்றரைக் கிலோகூட இல்லை. பூமிக்கு மிக அருகில் வரும்போதே சுமார் 650 கி.மீ. உயரம், எட்டப் போனால் 3,800. அங்கே காற்றின் இழுவை மிகக் குறைவு, அதனால்தான் இன்னும் விழவில்லை. 1964லிருந்து அதன் ரேடியோ சத்தமும் இல்லை. இருக்கிறது என்பதற்காக அதைக் காட்டுகிறேன் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் கண்ணுக்கும் தெரியாது, அந்த ஐயாயிரம் ரூபாய்க் குழாய்க்கும் தெரியாது.

விண்வெளி நிலையம் உங்கள் ஊருக்கு மேலே வரும் நேரத்தை நாசா இலவசமாகவே தருகிறது. ஹைமாஸ் விளக்கைத் தாண்டி, கரையேற்றிய வத்தைப் படகுகளின் மறைவில் பத்து நிமிடம் முன்னாடியே போய் உட்காருங்கள், செல்போனை அணைத்துவிட்டு.