பெங்களூரு டிராஃபிக்கில் ஒரு பைக் எத்தனை வருஷம் உழைக்கும்?

மாரத்தஹள்ளியிலிருந்து சில்க் போர்டு வழியாகத் தினமும் ஆபீஸ் போகப் புது 150 சிசி பைக் வாங்குகிறீர்கள், எத்தனை வருஷம் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15 வருஷம் தாராளமாக வரும். இன்ஜினைப் பிரிக்காமலே ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டும் பைக்குகள் நிறைய உண்டு.

ஆனால் இந்த ஊரில் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். சிக்னலில் நிற்கும்போது கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஆயிலைக் கையேட்டில் போட்டிருக்கும் தூரத்துக்குச் சற்று முன்பே மாற்றுவது நல்லது. ஊர்ந்து போகும்போது கிளட்சைப் பாதி பிடித்தே ஓட்டினால் பிளேட் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து செயின் லூப் (மசகு எண்ணெய்) அடியுங்கள். மழையில் நனைந்தால் அன்றைக்கே. பின்சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரம்) பல்லைப் பாருங்கள். நுனி கூராகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினையும் தின்றுவிடும். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், அதாவது டேங்கில் இருக்கும் பம்ப் பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும். டேங்கை அடிக்கடி வற்றவிடாதீர்கள். அந்தப் பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான்.

ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) 15 வருஷத்துக்குச் செல்லும். பிறகு ஃபிட்னஸ் பார்த்து ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். அந்த வயதில் பைக்கை ஓரங்கட்ட வைப்பது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, கிடைக்காத ஸ்பேர் பார்ட்ஸ். அதனால் அதிகம் விற்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.