கிழக்கு ஜெர்மனியின் ஓபர்லிகா: கேள்வி பதில்

ஜெர்மன் ஜனநாயகக் குடியரசின் முதல்நிலைக் கால்பந்து லீக் ஓபர்லிகா. 1949-இல் தொடங்கி 1991-இல் முடிந்த அந்த லீக் பற்றி நண்பர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: அண்ணா, சாம்பியன்களின் எண்ணிக்கை ஒரு பட்டியலில் 41, இன்னொன்றில் 42, வேறொன்றில் 44 என்று இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

41-தான் சரி. 42 போட்டவர்கள் 1955 இலையுதிர்காலச் சுற்றையும் சேர்த்திருப்பார்கள். சோவியத் யூனியனைப் போல வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும் நாள்காட்டிக்கு மாறுவதற்காக, அந்த ஆண்டு இடைவெளியை நிரப்ப ஒரு சுற்று மட்டும் ஆடினார்கள். 14 அணிகள், ஆளுக்கு 13 ஆட்டங்கள். விஸ்முட் அணி முதலிடம் பிடித்தது, ஆனால் பட்டம் தரப்படவில்லை. 44 வந்தால், அதோடு 1948-இல் பிளானிட்ஸும் 1949-இல் உனியோன் ஹல்லேயும் வென்ற பட்டங்களும் உள்ளே வந்திருக்கும். அவை சோவியத் ஆக்கிரமிப்பு மண்டலத்தின், அதாவது குடியரசு உருவாகும் முன் சோவியத் ஆட்சியில் இருந்த பகுதியின், பட்டங்கள். ஓபர்லிகா அப்போது பிறக்கவே இல்லை.

1961-க்கு நேரே சாம்பியன் இல்லாததைப் பார்த்து விடுபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழைய நாள்காட்டிக்குத் திரும்பும்போது 1961/62 பருவத்தை நீட்டிவிட்டார்கள். ஒவ்வொரு ஜோடியும் மூன்று முறை மோதியது, மூன்றாவது ஆட்டம் பொது மைதானத்தில். ஆக 39 ஆட்டங்கள். வழக்கமான பருவத்தில் 26-தான் என்பதால், அந்த ஆண்டின் கோல், புள்ளிக் கணக்குகளை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிடுவதானால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரே பெயர் பல ஊர்களில் வருகிறதே! டைனமோ, மோட்டார், கெமி எல்லாம் ஒரே கிளப்பின் கிளைகளா?

கிளைகள் இல்லை. அணிக்குச் சோறு போடுவது எந்தத் துறை என்பதைத்தான் பெயர் சொல்கிறது. மோட்டார் என்றால் இயந்திர, வாகனத் தொழிற்சாலைகள். கெமி ரசாயன ஆலைகள். டர்பைன் மின்துறை, லோக்கோமோட்டிவ் ரயில்வே, ஸ்டால் எஃகு ஆலைகள், விஸ்முட் யுரேனியச் சுரங்கம். டைனமோ காவல்துறைக்கும் அரசுப் பாதுகாப்புத் துறைக்கும் உரியது, ஃபோர்வெர்ட்ஸ் ராணுவத்துக்கு உரியது. வீரர்கள் காகிதத்தில் அந்தந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லது அந்தத் துறையின் ஊழியர்கள். புரவலர் மாறினால் பெயரும் மாறும். 1950-இல் முதல் சாம்பியனான ஹோர்ஹ் சுவிக்காவ், பின்னால் மோட்டார் ஆகி, அதற்கும் பின்னால் ஜக்சன்ரிங் ஆனது. பட்டியல் போடும்போது பெயரைப் பின்தொடராதீர்கள், ஊரையும் புரவலரையும் சேர்த்துப் பின்தொடருங்கள்.

கேள்வி: சார், 1954/55 பருவத்தில் எம்போர் லவுட்டர் என்ற அணி பாதியில் காணாமல் போய் எம்போர் ரோஸ்டாக் வருகிறது. டைனமோ டிரெஸ்டனும் அப்படியே பெர்லின் ஆகிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. அணிகளையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். லவுட்டர், எர்ட்ஸ் மலைப்பகுதியில் ஒரு சிறிய ஊர். வடக்கே பால்டிக் கரையில் ரோஸ்டாக்குக்கு முதல்நிலை அணி இல்லை. அந்தப் பகுதியின் கட்சித் தலைவர் கார்ல் மேவிஸ் முனைந்து, பருவத்தின் நடுவில் லவுட்டர் வீரர்களை அங்கே கொண்டுபோனார். இன்றைய ஹன்சா ரோஸ்டாக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. பெர்லினுக்கும் வலுவான டைனமோ அணி வேண்டும் என்று, 1953 சாம்பியனான டிரெஸ்டனின் முக்கிய வீரர்களைத் தலைநகருக்கு மாற்றினார்கள். லீகில் டிரெஸ்டனின் இடமும் புள்ளிகளும் அவர்களோடு போய்விட்டன. மிச்சமிருந்த டிரெஸ்டன் அணி இரண்டாம் நிலையில் விடப்பட்டு, அங்கிருந்தும் கீழே சரிந்தது. மீண்டும் ஓபர்லிகாவுக்கு வர 1962 ஆகிவிட்டது. ஆனாலும் 1953 பட்டத்தை டிரெஸ்டன் கணக்கிலேயே எழுதுங்கள். அதைச் சேர்த்தால்தான் அவர்களுக்கு எட்டு வரும்.

ராணுவ அணியும் இப்படித்தான் அலைந்தது. 1953-இல் லைப்சிக்கிலிருந்து பெர்லின், 1971-இல் பெர்லினிலிருந்து ஓடர் நதிக்கரை ஃபிராங்க்ஃபர்ட். ஆறு பட்டங்களும் பெர்லினில் வென்றவை. ஃபிராங்க்ஃபர்ட் போன பிறகு ஒன்றுகூட இல்லை.

ஒரே ஓர் ஊர் மட்டும் அசையவில்லை. விஸ்முட் ஆவே அணியைக் கார்ல் மார்க்ஸ் நகருக்கு மாற்ற முயன்றபோது சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எதிர்த்தார்கள். யுரேனியம் நின்றால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, ஆட்டங்களை ஆவேயிலேயே தொடர்ந்தார்கள். 1956, 1957, 1959 சாம்பியனாக ‘விஸ்முட் கார்ல் மார்க்ஸ் நகர்’ என்று பார்த்தால், அது ஆவே அணி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1964-இல் கெமி லைப்சிக் வென்றதை ஏன் அதிசயம் என்கிறார்கள்?

1963-இல் லைப்சிக்கின் இரண்டு பெரிய அணிகளைக் கலைத்து, நல்ல வீரர்களை எல்லாம் எஸ்.சி. லைப்சிக் என்ற புதிய அணியில் போட்டார்கள். தேறமாட்டார்கள் என்று கழித்துவிட்டவர்கள் லொய்ட்ஷ் பகுதியில் கெமி அணிக்குப் போனார்கள். பயிற்சியாளர் ஆல்ஃபிரெட் குன்ஸே. முதல் பருவத்திலேயே அந்த ‘மிச்ச’ அணி பட்டம் வென்றது. மேலிடம் வீரர்களைப் பங்கிட்டுத் தருவதால் வெற்றி வந்துவிடாது என்பதற்கு ஓபர்லிகாவில் இதைவிட நல்ல சான்று கிடையாது.

கேள்வி: பெர்லின் அணியான பிஎஃப்சி டைனமோ 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்துப் பட்டம். எல்லாமே நடுவர்கள் கொடுத்ததுதானே?

அப்படிச் சொன்னால் பாதி உண்மைதான். அரசுப் பாதுகாப்பு அமைச்சர் எரிக் மீல்கே அந்தக் கிளப்பின் புரவலர். பெரிய ஆட்டங்களை நடத்திய நடுவர்களில் பலர் அவருடைய துறையோடு தொடர்புடையவர்கள். பிஎஃப்சியின் கோபத்துக்கு ஆளானால் வெளிநாட்டு ஆட்டங்கள் கிடைக்காது என்ற அச்சமும் இருந்தது. ஆனால் அவர்களுடைய பெரிய பலம் வேறு இடத்தில் இருந்தது: நாடெங்கும் டைனமோ பயிற்சி மையங்கள், அவற்றிலிருந்து இளம் வீரர்களைப் பொறுக்கி எடுக்கும் ஏற்பாடு. அவர்களுடைய நட்சத்திர முன்கள வீரர் ஆந்திரியாஸ் தோம் சும்மா கிடைத்தவர் இல்லை.

எல்லாரும் மேற்கோள் காட்டும் ஆட்டம் 1986 மார்ச் 22, லைப்சிக். லோக்கோமோட்டிவ் 1–0 முன்னிலை. 90 நிமிடம் தாண்டியும் ஆட்டம் நீண்டது. நடுவர் பெர்ண்ட் ஸ்டும்ஃப் பிஎஃப்சிக்குப் பெனால்ட்டி கொடுத்தார், ஃபிராங்க் பாஸ்டர் அடித்தார், 1–1. நாடே கொதித்தது, ஸ்டும்ஃபுக்குத் தடை விழுந்தது. பல ஆண்டுகள் கழித்து வேறு கோணத்தில் எடுத்த படச்சுருள் கிடைத்தது. அதில் பெனால்ட்டி எல்லைக்குள் லைப்சிக்கின் ஹான்ஸ் ரிக்டர் எதிராளியைக் கைகளால் தள்ளுவது தெரிகிறது. அதாவது அந்தப் பெனால்ட்டி நியாயமானதே. மற்ற ஆட்டங்களின் சலுகைகளை இது துடைத்துவிடாது. ஆனால் எல்லா அநியாயத்துக்கும் உதாரணமாக இந்த ஒன்றையே காட்டுவது ஸ்டும்ஃபுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: ஐரோப்பியக் கோப்பை எதையாவது வென்றார்களா?

ஒன்றே ஒன்று. 1974 மே 8, ரோட்டர்டாம், கோப்பை வென்றோர் கோப்பை (உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டி) இறுதி: மாக்டெபர்க் 2, ஏசி மிலான் 0. பயிற்சியாளர் ஹைன்ஸ் க்ரூகல். யேனா 1981-இலும் லோக்கோமோட்டிவ் லைப்சிக் 1987-இலும் அதே கோப்பையின் இறுதியில் தோற்றன.

கேள்வி: ஜெர்மனி இணைந்தபோது 14 அணிகளை எப்படிப் பங்கிட்டார்கள்?

1990/91 தரவரிசையை வைத்து. முதல் இரண்டு இடங்களான ஹன்சா ரோஸ்டாக்கும் டைனமோ டிரெஸ்டனும் நேராக மேற்கின் முதல்நிலை லீகான பண்டஸ்லிகாவுக்கு. அதற்காகவே 1991/92-இல் அது 20 அணிகளுடன் நடந்தது. 3 முதல் 6 வரை வந்த எர்ஃபர்ட், ஹல்லே, கெம்னிட்ஸ், யேனா நேராக இரண்டாம் பண்டஸ்லிகாவுக்கு. 7 முதல் 12 வரை உள்ளவர்களும் இரண்டாம் நிலையின் இரு பிரிவு வெற்றியாளர்களும் தகுதிச் சுற்று ஆடினார்கள். அதில் லோக்கோமோட்டிவ் லைப்சிக்கும் ஸ்டால் பிராண்டன்பர்க்கும் தேறின. ஆக 8 இடங்கள்தான். எஃப்சி பெர்லின் என்று பெயர் மாற்றிக்கொண்ட பத்துமுறை சாம்பியன் பிஎஃப்சி டைனமோ, தகுதிச் சுற்றில் தோற்று மூன்றாம் நிலைக்குப் போனது.

அந்த ஒரு பருவம் பலரின் விதியை எழுதிவிட்டது என்பது என் வருத்தம். எல்லை திறந்ததும் தோம், கிர்ஸ்டன், ஸம்மர் போன்றோர் மேற்கே போய்விட்டார்கள். சிறந்தவர்களை இழந்து ஆடிய பருவத்தை வைத்துத்தான் நாற்பது ஆண்டு லீகுக்கு இடம் ஒதுக்கினார்கள். ஹன்சா முதல் ஆண்டிலேயே இறங்கியது, டிரெஸ்டன் 1995 வரை தாக்குப்பிடித்தது.

கேள்வி: இப்போது பிரபலமான உனியோன் பெர்லின் ஓபர்லிகாவில் எத்தனை முறை சாம்பியன்?

ஒருமுறைகூட இல்லை. 1968-இல் யேனாவை 2–1 என வென்று உள்நாட்டுக் கோப்பையை எடுத்தார்கள், அவ்வளவுதான். அதற்குக் கிடைக்க வேண்டிய ஐரோப்பிய வாய்ப்பும் கைகூடவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் தலைமையிலான படைகள் நுழைந்த பிறகு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் கிழக்கு, மேற்கு அணிகளைப் பிரித்து மறுகுலுக்கல் நடத்தியது. அதை எதிர்த்துக் கிழக்கு ஜெர்மனி தன் அணிகளை விலக்கிக்கொண்டது. உனியோன் தன் முதல் ஐரோப்பியப் போட்டிக்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.