கப்பிள் என்றால் ரெண்டா, மூணா?

தம்பி,

உங்கள் கேள்வியை நீடாமங்கலம் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். இங்கிலாந்தில் லெஸ்டரில் குடித்தனம் போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் ஜூன் மாதம் லீவு சேர்த்துவைத்து ஊருக்கு ஓடி வந்துவிடுவேன். ஆற்றில் புதுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால்தான் எனக்கு வருஷம் பிறந்த மாதிரி இருக்கும்.

ரெடிங்கில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். மேனேஜர் ஒரு ரிப்போர்ட்டை ‘கப்பிள் ஆஃப் டேஸ்’ல் கொடுத்தால் போதும் என்றார். மன்னார்குடியில் படித்த இங்கிலீஷில் கப்பிள் என்றால் ரெண்டு. ரெண்டு ராத்திரி கண்விழித்து முடித்துக் கொடுத்தீர்கள். அவரோ, “அதுக்குள்ளயா? வெள்ளிக்கிழமை பார்க்கலாம்னு இருந்தேனே” என்றார். அதே மனிதர் அடுத்த வாரம் ‘கப்பிள் ஆஃப் மினிட்ஸ்’ என்று சொல்லி, உங்களை மீட்டிங் அறை வாசலில் இருபது நிமிஷம் நிற்க வைத்தார். கப்பிள் என்றால் ரெண்டா, மூணா, இருபதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கையில் எடுத்துக் கொடுக்கிற பொருள் என்றால் பெரும்பாலும் ரெண்டு. நேரம், நாள், வாரம் என்றால் சொல்கிறவர் மனசைப் பொறுத்தது. உங்கள் மேனேஜர் பொய் சொல்லவில்லை, உங்களைச் சோதிக்கவும் இல்லை. நாம் ஊரில் செய்வதைத்தான் அவர் அங்கே செய்கிறார்.

யோசித்துப் பாருங்கள். “நாலு எழுத்து படிச்சு நாலு காசு சேர்த்தாத்தான் நாலு பேர் மதிப்பான்” என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். இதில் எந்த நாலு நிஜமான நாலு? ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு சாவு வீட்டில் “நாலு பேர் வாங்கப்பா” என்று கூப்பிட்டால் அங்கே மூன்று பேர் போய் நின்று பிரயோஜனமில்லை, பாடைக்கு நாலு தோள் வேண்டும். அதே சொல்தான், இடத்தைப் பார்த்து நம் காது தானாகப் பிரித்துக்கொள்கிறது. “பத்து பேர் சாப்பிடுறாங்க” என்றால் பத்து இலை. “ஒரு பத்து பேர் சாப்பிடுவாங்க” என்றால் என் அம்மா பதினைந்து இலை நறுக்கி வைப்பாள். முன்னால் ஒட்டிய அந்த ‘ஒரு’, கணக்கைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறது. இங்கிலீஷ்காரனுடைய கப்பிளுக்குள்ளும் அப்படி ஒரு தளர்ச்சி இருக்கிறது. நம் சந்தைக் கொசுறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், கொசுறு பெரும்பாலும் நேரத்தில்தான் விழும்.

தண்ணீர் கணக்கும் அப்படித்தானே? மேட்டூரில் ஜூன் 12 திறப்பது என்பது தேதி போட்ட கணக்கு. ஏரியில் இருப்பு இல்லாமல் தள்ளிப்போன வருஷங்கள் உண்டு என்றாலும் தேதி தேதிதான். கல்லணைக்கு எப்போது வரும் என்று கேட்டால் “ரெண்டு மூணு நாள்ல” என்பார்கள். கடைமடைக்கு எப்போது என்று கேட்டால் அதற்கும் “வந்துடும், நாலு நாள்ல” என்பார்கள். திருத்துறைப்பூண்டி தாண்டி இருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும், அந்த நாலின் நீளம்.

சொல்லுக்கே வருகிறேன். கப்பிளின் வேர் லத்தீனில் ‘கோபுலா’. கட்டு, இணைப்பு என்று அர்த்தம். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை, இங்கே வரப்பில் புரிந்தது. மச்சானிடம் ஒரு பழைய ஆயில் இன்ஜின் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் மேட்டு வயலுக்குத் தானாக ஏறாது, குறுவை நாற்றங்காலுக்கு இறைத்துத்தான் ஆக வேண்டும். இன்ஜின் தண்டு ஒரு பக்கம், பம்பு தண்டு ஒரு பக்கம், நடுவில் ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பு வட்டுதான் கப்ளிங். வட்டில் பின், பின்னைச் சுற்றி ரப்பர் புஷ். புஷ் தேய்ந்தால் கடகடவென்று ஊருக்கே கேட்கும். அப்படியே ஓட்டினால் பின் அறுந்து இன்ஜின் மட்டும் தனியாகச் சுற்றும், தண்ணீர் வராது. கப்பிள் என்ற சொல்லுக்குள் முதலில் இருந்தது எண்ணிக்கை இல்லை, இந்தச் சேர்மானம்தான். ரெண்டைச் சேர்த்துக் கட்டினால் ஒரு கப்பிள். அதிலிருந்து புருஷன் பெண்டாட்டிக்கு வந்தது, வெறும் ரெண்டுக்கு வந்தது, அப்புறம் கட்டு தளர்ந்து ‘ரெண்டு மூணு’ ஆனது.

நமக்குச் சிக்கல் எங்கே என்றால், தமிழில் நாம் கப்பிள் என்றாலே ஆணும் பெண்ணுமாக ஜோடியைத்தான் நினைக்கிறோம். நான் போன புதிதில் கூட வேலை பார்த்த ஒருவர் சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்தார். ‘கப்பிள் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்’ வருகிறார்கள், நீயும் மனைவியோடு வா என்றார். புதுசாகக் கல்யாணமான தம்பதி யாரோ வருகிறார்கள் என்று நான் வீட்டில் சொல்லிவிட்டேன். என் மனைவி பெல்கிரேவ் ரோடு கடைக்குப் போய்த் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு மஞ்சள் ரவிக்கைத் துணி எல்லாம் வாங்கித் தாம்பூலப் பை போட்டு எடுத்துவந்தாள். போனால் சோபாவில் ரெண்டு தடித்தடியான பிரம்மச்சாரிகள். அரை மணி கழித்து மூன்றாவதாக ஒருத்தரும் வந்தார். பையை யாருக்குக் கொடுப்பது? கடைசியில் ரவிக்கைத் துணி மூன்றாமவருக்குப் போயிற்று. அதை மப்ளராகக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவர் ஆட்டம் முடியும்வரை கால்பந்து பார்த்தார். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

ஆக, காதில் விழ வேண்டியது ‘ஆஃப்’. ‘எ கப்பிள்’ என்று ஆட்களைச் சொல்லி நிறுத்தினால் தம்பதி. ‘எ கப்பிள் ஆஃப்’ என்று போனால் எண்ணிக்கை. அமெரிக்கர்கள் பேச்சில் அந்த ஆஃபையும் விழுங்கி ‘கப்பிள் டேஸ்’ என்பார்கள், அதைக் கேட்டு மிரள வேண்டாம்.

படிவங்களில் மட்டும் விளையாடாதீர்கள். பிரிட்டிஷ் அரசாங்க உதவித்தொகைச் சட்டத்தில் கப்பிள் என்றால் கணவன் மனைவி மட்டுமில்லை. 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சிவில் பார்ட்னர்ஷிப்பில் (கல்யாணம் மாதிரி சட்டப்படி பதிந்துகொள்ளும் துணை உறவு) பதிந்தவர்களும் கப்பிள், கல்யாணம் செய்யாமல் குடும்பம் நடத்துகிறவர்களும் கப்பிள். உங்களோடு வாடகையைப் பாதி போட்டுக்கொள்ளும் கும்பகோணத்து நண்பர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ரெண்டு பேர் இருக்கிறோமே என்று டிக் அடித்துவிடாதீர்கள்.

மருந்திலும் அப்படியே. தலைவலி என்றால் ஆபீசில் யாராவது “கப்பிள் ஆஃப் பாரசிட்டமால் போட்டுக்கோ” என்பார்கள். அது 500 மில்லிகிராம் மாத்திரை, பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு ஒன்றோ ரெண்டோ, 24 மணி நேரத்துக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. அங்கே கொசுறு கிடையாது. அட்டையில் எண் அச்சடித்திருக்கும், வாய்ச்சொல்லை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

இங்கிலீஷ் ‘பேர்’ (pair) என்பது வேறு. நம் ஊரில் உழவுக்குப் பழகிய ஜோடி மாடு என்றால் ஒன்றோடொன்று நடை ஒத்துப்போன மாடுகள். தொழுவத்தில் சும்மா நிற்பது ரெண்டு மாடு. செருப்பு, கம்மல், சாக்ஸ் எல்லாம் பேர். கப்பிள் ஆஃப் ஷூஸ் என்று கேட்டால் கடைக்காரர் புரிந்துகொள்வார், ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கால்சட்டையும் கத்தரிக்கோலும் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் ‘பேர்’தான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், ரெண்டு கால் இருப்பதால் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கப்பிளுக்கு மேலே ‘எ ஃப்யூ’, அதற்கும் மேலே ‘செவரல்’. அந்த ‘எ’யை விட்டுவிட்டு வெறும் ‘ஃப்யூ’ என்றால் அர்த்தம் தலைகீழ், அனேகமாக யாருமே இல்லை என்று குறைபடுகிற தொனி.

வேலையில் என்ன செய்வது? கப்பிள் ஆஃப் டேஸ் என்று சொன்னவுடன், “சரி, வியாழக்கிழமை மத்தியானம் தரட்டுமா?” என்று கிழமையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். மரியாதைக் குறைவாக நினைக்கமாட்டார்கள், கிழமை சொன்னால் அவர்களுக்கும் நிம்மதி. பாய்லர் ரிப்பேர், வீட்டுக்காரர் திருப்பித் தரவேண்டிய அட்வான்ஸ், இந்த மாதிரி விஷயமென்றால் தேதியை எழுத்தில் வாங்குங்கள். கப்பிள் ஆஃப் வீக்ஸில் வரும் என்ற என் அட்வான்ஸ் எனக்கு மூன்றாவது மாதம்தான் வந்தது. நிமிஷக் கணக்கு என்றால் வாசலில் நிற்காதீர்கள், உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. மேலே சொன்ன அந்தக் கப்ளிங்கின் புஷ் நிஜமாகவே போய்விட்டது. மெக்கானிக் ரெண்டு நாளில் வருகிறேன் என்று சொல்லி இன்றோடு நாலு நாள், நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. இப்போதுதான் போன் அடித்தேன். “இந்தா கிளம்பிட்டேண்ணே, ரெண்டே நிமிஷம்” என்கிறார். வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நான் டீ போடச் சொல்லியிருக்கிறேன்.