டார்க் சோல்ஸ் மாதிரி வீடியோ விளையாட்டுகளில் ‘லோர்’ என்றால் என்ன? ஏன் மறைத்து வைக்கிறார்கள்?

நாம் விளையாட வரும் முன்பே அந்த உலகில் நடந்து முடிந்த கதைதான் லோர். டார்க் சோல்ஸில் (2011) அதை யாரும் வரிசையாகச் சொல்வதில்லை. விளையாட்டில் கிடைக்கும் மோதிரத்தின் குறிப்பு, எதிரி நிற்கும் இடம் என்று சிதறிக் கிடக்கும்.

நாம் மோத வேண்டிய சிஃப் என்ற பெரிய ஓநாயையே எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் வாளோடு ஆர்டோரியஸ் என்ற வீரனின் கல்லறையைக் காக்கிறது. அபிஸ் என்னும் இருளை வென்றவன் அவன் என்பது அந்த உலகத்துப் பழங்கதை. 2012இல் வந்த கூடுதல் பகுதியில் பார்த்தால், அவனையே இருள் விழுங்கியிருக்கிறது! அதன்பின் அந்த ஓநாயை அடிக்கக் கை வராது.

இயக்குநர் ஹிடேடகா மியாசாகி சிறுவயதில் ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிப் படித்தவர். அந்தச் சுகத்தைத்தான் நமக்கும் விட்டுவைக்கிறார்.

நம் கொங்குப் பக்கம் இரண்டு பங்காளி வீடுகள் ஏன் பேசுவதில்லை என்று யாரும் உட்காரவைத்துச் சொல்ல மாட்டார்கள். தோட்டத்துக்கு நடுவில் ஒரு வேலி, குலதெய்வக் கோவிலில் தனித்தனிப் பொங்கல், அமுச்சி வாய்தவறி விடும் ஒரு சொல். நாமாகக் கோத்துக்கொள்வதுதான். அப்படித்தான் இதுவும்.

அப்புறம், யூடியூப் விளக்கங்கள் எல்லாமே விளையாட்டு சொன்ன கதை என்று நினைக்க வேண்டாம். அவற்றில் பாதிக்கு மேல் ரசிகர்களின் ஊகமாகவும் இருக்கலாம்.