கணினி அக்கா பதில்கள்: அப்பாவின் படங்கள் எங்கே இருக்கட்டும்?

கேள்வி: அக்கா, 2013இல் வாங்கிய ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை பிஸ்கட் டின்னில் போட்டு, வீட்டு பாம் ஷெல்டரில் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில்) வைத்திருக்கிறேன். காலமான அப்பாவின் படங்களெல்லாம் அதில்தான். போன வாரம் செருகினால் 'டக் டக்' என்று சத்தம். "ஹார்ட் டிஸ்க் காலம் முடிஞ்சுபோச்சு, எஸ்எஸ்டி வாங்குங்கம்மா, அதுல சுத்துற தட்டே இல்ல, எல்லாம் சில்லுதான்" என்கிறான் மகன். வாங்கலாமா?
– ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முதலில் கேபிளைக் கழற்றுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

அந்த 'டக் டக்', டிஸ்க்குக்குள் சுழலும் தட்டைப் படிக்கும் முனை தன் இடம் தெரியாமல் திரும்பத் திரும்பப் போய் முட்டுகிற சத்தம். மறுபடி மறுபடி செருகிப் பார்த்தால் தட்டு கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்த படம் திரும்ப வராது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம், நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். நேரே தரவு மீட்பவரிடம் கொடுங்கள். சில நூறு வெள்ளி போகலாம், அதற்கு மேலும் ஆகலாம். வேலையைத் தொடங்குமுன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1990களில் அங் மோ கியோவில் ஒரு டிஸ்க் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பு. முகத்தில் பவுடர் கூடாது, பொட்டுகூட வைக்கக் கூடாது. சுழலும் தட்டுக்கு மேல் முனை மிதக்கும் உயரம் தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இன்றைய டிஸ்க்குகளில் அதைவிடக் குறைவு. ஒரு பவுடர் துகள் உட்கார்ந்தால் தட்டு வீண். அதனால்தான் சொல்கிறேன், எந்தக் கடையிலும் சாதாரண மேசைமேல் வைத்து மூடியைத் திறக்க விடாதீர்கள்.

உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. 2001இல் வந்த முதல் ஐபாடுக்குள் 5 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க் சுழன்றது. 2005இல் ஐபாட் நானோ, எஸ்எஸ்டிக்குள் இருக்கும் அதே வகை ஃபிளாஷ் சில்லுக்கு மாறியது. பிளேஸ்டேஷனும் 2020இல் மாறிவிட்டது. கையில் தூக்கிப் போகிற பொருளுக்கு, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்குகிற ஃபிளாஷ்தான் பொருத்தம். ஆனால் நாம் மேகச் சேமிப்பில் ஏற்றுகிற படங்களில் பெரும்பங்கு இன்றும் தரவு மையங்களில் சுழலும் தட்டுகளில்தான் கிடக்கிறது. 2024இல் 30 டெராபைட் டிஸ்க்கே வந்துவிட்டது. உங்கள் உட்லண்ட்ஸையே பாருங்கள்: அங்கே மைக்ரான் ஃபிளாஷ் சில்லு செய்கிறது, சீகேட் டிஸ்க் தட்டு செய்கிறது. இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

எஸ்எஸ்டியில் ஒரு சங்கதியைப் பலர் சொல்வதில்லை. அதில் படம் என்பது சின்னஞ்சிறு அறைகளில் அடைத்த மின்னூட்டம். மின்சாரமே கொடுக்காமல் வைத்தால் அது மெல்லக் கசியும். வீட்டு உபயோக எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேய்ந்த பிறகும், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் 1 வருடம் தரவைக் காக்க வேண்டும் என்பதுதான் தொழில்துறை வைத்திருக்கும் அளவு. புதிது இன்னும் பல வருடம் தாங்கும், சரி. ஆனால் பாம் ஷெல்டர் புழுக்கத்தில், டின்னுக்குள் மறந்துபோகிற பொருளாக அதை நம்பாதீர்கள். ஹார்ட் டிஸ்க்காவது பல சமயம் சத்தம் போட்டுச் சொல்லும், எஸ்எஸ்டி பெரும்பாலும் ஒரு சத்தமும் இல்லாமல் போய்விடும்.

படங்கள் மீண்டு வந்ததும் புதிய ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வேறொரு வீட்டில், உங்கள் அக்கா தங்கை யாரிடமாவது. ஒவ்வொரு தீபாவளிக்கும் இரண்டையும் செருகி, அப்பாவின் படங்களைத் திறந்து பாருங்கள். எஸ்எஸ்டியை மகனின் மடிக்கணினிக்கு வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: 512 ஜிகாபைட் எஸ்எஸ்டி வாங்கினேன். விண்டோஸ் 476 என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– ஒரு வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: இல்லை தம்பி. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. சரக்கு அதேதான். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டாம்.