மூன்று முறை காட்டியும் தீராத கியர் குலுக்கல்: உத்தரவாதம் உள்ளபோதே செய்ய வேண்டியவை

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதிதாக வாங்கிய சிவிடி கியர் (படிப்படியாக அல்லாமல் தொடர்ச்சியாக மாறும் ஆட்டோமேட்டிக் கியர்) கார், காலையில் எடுத்ததும் மெதுவாக ஓடும்போது குலுங்குகிறது. ஈப்போவில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை கொண்டுபோய்விட்டேன். ஒருமுறை கியர் எண்ணெயை மாற்றினார்கள். மற்ற இரண்டு முறையும் பழுது எதுவும் தெரியவில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். ஐந்தாண்டு உத்தரவாதம் இருக்கிறது. மாதத் தவணையை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்கள் என்கிறார் என் தம்பி. நான் என்ன செய்வது?

பதில்: தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடன் முடியும்வரை கார் வங்கிக்கே சொந்தம். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் கட்டத் தவறினால், முறைப்படி நோட்டீஸ் அனுப்பிவிட்டு வங்கி காரை இழுத்துக்கொண்டு போகலாம். விற்பனையாளருக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை. உங்களுக்கோ கார் போய்விடும், வழக்கின் முக்கியச் சான்றும் கைவிட்டுப் போய்விடும்.

இனி குலுக்கலுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது 'காலையில் எடுத்ததும்' என்பதுதான். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை ஓட்டி முடிப்பதற்குள் எஞ்சினும் கியர் எண்ணெயும் நன்றாகச் சூடாகிவிடுவதால், குளிர்ந்த நிலையில் மட்டும் தலைகாட்டும் பழுது மெக்கானிக்கின் கைக்குப் போகும்போது மறைந்திருக்கும். அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. அவர் ஓட்டிப் பார்த்தபோது கார் உண்மையிலேயே குலுங்கியிருக்காது. ஆகவே அடுத்த முறை காரை மாலையிலேயே அங்கே விட்டுவிட்டு, இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் முதன்முதலாக எஞ்சினை இயக்கும்போது நீங்களும் உடன் இருந்து மெக்கானிக்கோடு சேர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இது நியாயமான கோரிக்கை; முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலான சர்வீஸ் சென்டர்கள் ஏற்பாடு செய்து தரும்.

குலுக்கல் எல்லாம் கியர் பாக்ஸிலிருந்தே வருவதில்லை. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ கெட்டிருந்தால், கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போதும் ஒரு தடுமாற்றம் தெரியும். எஞ்சின் விளக்கும் மின்னலாம். நிற்கும்போது அமைதியாக இருந்து, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வேகம் 20லிருந்து 40க்கு ஏறும்போது மட்டும் உதறினால், கியர் பாக்ஸ் பக்கம், குறிப்பாக எஞ்சின் சக்தியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்ச் பிடிக்கும் இடத்தை ஐயப்படலாம். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதுபோன்ற உதறல் வரும். எந்த நிலையில் குலுங்குகிறது, எந்த நிலையில் குலுங்கவில்லை என்பதை நீங்கள் கவனித்துச் சொன்னால் மெக்கானிக்கின் தேடல் பாதியாகக் குறையும். பக்கத்தில் அமர்ந்திருப்பவரை, வேகமானியும் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளும் ஒரே காட்சியில் தெரியும்படி கைபேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் எடுக்கக் கூடாது.

இதைவிடவும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஜாப் ஷீட்டை, அதாவது காரை விடும்போது சர்வீஸ் சென்டரில் உங்கள் புகாரை எழுதும் சீட்டைப் பற்றி. திரும்பத் திரும்ப வரும் பழுதில் நீங்கள் மெய்ப்பிக்க வேண்டியது 'ஒரே பழுது, மூன்று முறை' என்பதை. முதல் சீட்டில் 'கியர் செக்', இரண்டாவதில் 'வைப்ரேஷன்', மூன்றாவதில் வெறும் 'சர்வீஸ்' என்று இருந்தால், காகிதத்தில் அவை மூன்று வெவ்வேறு வருகைகள்தான். ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களில், 'எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, 20 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்குகிறது, முந்தைய வருகையிலும் இதே புகார்' என்று எழுதச் சொல்லி, படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். பழுது தெரியவில்லை என்றால், அதையும் என்ன சோதனை செய்தார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேதியும் மீட்டர் அளவும் சீட்டில் இருக்க வேண்டும். பழைய சீட்டுகள் தொலைந்திருந்தால் சர்வீஸ் சென்டரிலேயே நகல் கேளுங்கள். கணினியில் பதிவு இருக்கும்.

பட்டணத்தில் தெரிந்த பட்டறையில் காட்டுவது தவறில்லை. ஆனால் பார்க்கலாம், திறக்கக் கூடாது. ஸ்கேனர் போட்டுப் பழுதுக் குறியீட்டைப் படிக்கலாம், அழிக்கக் கூடாது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் அந்தப் பதிவுகள் அழிந்துவிடும் என்பதால் அதையும் தவிர்த்துவிடுங்கள். செம்மண் தூசியில் தோட்டச் சாலையில் ஓடும் காருக்குக் கையேட்டில் 'கடும் பயன்பாடு' என்ற தலைப்பில் தனிச் சர்வீஸ் அட்டவணை இருக்கக்கூடும்; ஏர் ஃபில்டரும் எண்ணெயும் சீக்கிரமே மாற்றச் சொல்லும். பராமரிப்பில் விடுபட்டதைக் காரணம் காட்டித்தான் உத்தரவாதக் கோரிக்கைகள் பல தட்டிக்கழிக்கப்படுகின்றன. ஆகவே சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் உங்களுக்குத் தருவது உத்தரவாதப் புத்தகத்தில் உள்ளதைவிட அதிகம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில், பாதுகாப்பாக, நீடித்து உழைப்பதாக இருக்க வேண்டும் என்கிறது. நிறுவனம் தன் புத்தகத்தில் என்ன அச்சடித்திருந்தாலும் இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது. பழுதை நியாயமான காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால், வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவைக் கோரவோ, பொருளையே திருப்பித் தரவோ 41ஆம் பிரிவு வழிவிடுகிறது. இத்தனை முறை பழுதானால் என்று அச்சட்டம் எண்ணிக்கை எதையும் வரையறுக்கவில்லை. ஆனால் காரைத் திருப்பித் தரும் உரிமை, காலம் கடந்தால் கைநழுவும். இரண்டு ஆண்டுகள் ஓட்டிய நிலையில் முழு விலையையும் கேட்பது கடினம் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. குறைபாட்டை முழுமையாகத் தீர்க்கச் சொல்லிக் கேட்பதே இப்போது உங்கள் வலுவான நிலை.

எனவே, இரவில் நிறுத்திச் செய்யும் சோதனைக்குப் பிறகும் தீர்வு கிடைக்காவிட்டால், சர்வீஸ் மேலாளருக்கும், காரைத் தயாரிக்கும் அல்லது விநியோகிக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். சேசிஸ் எண், வாங்கிய தேதி, ஒவ்வொரு வருகையின் தேதி, மீட்டர் அளவு, அவர்கள் சொன்ன பதில் ஆகியவற்றை வரிசையாக எழுதி, நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும், 14 நாளில் எழுத்துவழிப் பதில் வேண்டும் என்று கேளுங்கள். இந்த மாடலுக்குக் கியர் கணினி மென்பொருள் மாற்றமோ தொழில்நுட்பச் சுற்றறிக்கையோ வந்திருக்கிறதா என்றும் அதிலேயே வினவுங்கள். சில குலுக்கல்கள் அந்த மென்பொருளை மாற்றியதுமே நின்றிருக்கின்றன. கடிதம் எழுதத் துணை வேண்டுமானால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

அதற்கும் அசையாவிட்டால், மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குச் செல்லுங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. உரிமை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். நீங்கள் கார் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால், காரை வாங்கிய நாளிலிருந்தே கணக்கிட்டு, அந்தத் தேதிக்குள் முதலாம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவது பாதுகாப்பானது. ஜாப் ஷீட்டுகளின் நகலையும் படமெடுத்த காட்சியையும் படிவத்தோடு எடுத்துச் செல்லுங்கள்.