கார்த்திகையைக் காட்ட டெலஸ்கோப் வேண்டுமா?

கேள்வி: காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர் நான். வீராணம் ஏரிக்கரையில் பிள்ளைகளுக்குக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்ட ஆசை. டெலஸ்கோப் வாங்கலாமா? அந்தக் கூட்டம் எப்படி உருவானது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: டெலஸ்கோப் வேண்டாம் சார். நாலு முழுநிலவை வரிசையாக வைத்த அகலம் கார்த்திகைக்கு உண்டு. டெலஸ்கோப்பில் அதன் ஒரு துண்டுதான் பெரும்பாலும் தெரியும். 10×50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரிவது அதில் பல பத்தாகத் தெரியும்.

மார்கழி, தையில் பனி மறைக்கும். மாசி அமாவாசையை ஒட்டி, இரவு ஏழரைக்குப் போங்கள். பராந்தக சோழன் காலத்து ஏரி அது; கரைக்கு மேற்கே தண்ணீர்தான், விளக்கு குறைவு. வடக்கே நெய்வேலி வெளிச்சம் இருப்பதால் லால்பேட்டைப் பக்கம் நல்லது. கரையில் வண்டிகள் ஓடும், பிள்ளைகளைச் சரிவில் இறங்க விடாதீர்கள்.

அப்புறம், எப்படி உருவானது என்பதை வாயால் சொல்வதைவிட வானத்திலேயே காட்டலாம். முதலில் ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவத்தின் இடுப்பு மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே புகைபோலத் தெரியும் திட்டைக் காட்டுங்கள். சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் உள்ள வாயு மேகம் அது. இப்படிப்பட்ட மேகத்தின் குளிர்ந்த, அடர்ந்த பகுதிகள், பூஜ்யத்துக்குக் கீழே 260 டிகிரி அளவில், தம் ஈர்ப்பாலேயே சுருங்கித் துண்டுதுண்டாக உடையும். ஒவ்வொரு துண்டும் ஒரு நட்சத்திரமாகும், சில சமயம் இரண்டு மூன்றாகும். ஒரே நாற்றங்காலில் ஒன்றாக முளைக்கும் நாற்றுகள் என்று சொன்னால் நம் டெல்டா பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

பெரிய நட்சத்திரங்களின் கதிர்வீச்சும் அவற்றிலிருந்து வீசும் துகள் காற்றும் மிச்ச வாயுவை ஊதித் தள்ளிவிடும். பிடித்து வைத்திருந்த எடை குறைவதால் பெரும்பாலான கூட்டங்கள் அப்போதே கலையத் தொடங்கும். தப்பிப் பிழைத்தவற்றில் ஒன்றுதான் கார்த்திகை: வயது சுமார் 10 கோடி ஆண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள். படங்களில் அதைச் சுற்றித் தெரியும் நீலப் புகையைப் பிறந்த மேகத்தின் மிச்சம் என்று சொல்லிவிடாதீர்கள். இப்போது அது கடந்து போகும் வேறொரு தூசுப் படலம் அது.

ஓரியனுக்கும் கார்த்திகைக்கும் இடையில் ரோகிணியைச் சுற்றி ஆங்கில 'வி' வடிவில் ஒரு கூட்டம் இருக்கும். வயது 60 கோடி ஆண்டுக்கு மேல், மெல்லச் சிதறிக்கொண்டிருக்கிறது. செந்நிற ரோகிணி மட்டும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல, நமக்குப் பாதித் தொலைவிலேயே நிற்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், பதிலோடு போங்கள்.